கத்தியின் காம்பு

வணக்கம் ஐயா,

பள்ளி விடுமுறையில் பத்து வயது மகனோடு சேர்ந்து, காணொளி பார்த்து ஒரு கற்கத்தி செய்தேன். கல் கிடைக்காததால் பால்கனியில் உட்கார்ந்து பாட்டிலின் அடிக்கண்ணாடியைத் தட்டி அலகு எடுத்தோம். மூங்கில் பிளவில் செருகி, காணொளியில் காட்டியபடி ஆட்டுத் தசைநாரால் கட்டினோம். மூன்றே நாளில் அலகு ஆடியது. பிறகு குங்கிலியம் காய்ச்சி ஒட்டினோம். அலகு பசையோடு பெயர்ந்து வந்தது. கண்ணாடி அலகு என்பதால்தான் நிற்கவில்லையோ? ஆன்லைனில் அப்சிடியன் அலகு வாங்கலாமா? புக்கிட் தாபூரில் குவார்ட்ஸ் (படிகக்கல்) எடுத்து அலகு செய்யலாமா? இதை வைத்திருப்பது சட்டப்படி தவறா? படம் இணைத்திருக்கிறேன்.

ச., செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள ச.,

படத்தில் பையன் வெறுங்காலோடு இருக்கிறான். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லை, தொடைமேல் தோல் விரிப்பு இல்லை, தலைக்கு மேலே கொடியில் அவனுடைய பள்ளிச் சட்டை காய்கிறது. அந்தச் சட்டையை உதறிப் போடுகிறவர் யார்? கண்ணாடிச் சில்லு மயிரளவு இருந்தாலும் தைக்கும். தார்ப்பாய் விரித்து, மூடிய காலணி போட்டு, வெட்டவெளியில் செய்கிற வேலை இது. குவார்ட்ஸ், செர்ட் (தீக்கல் வகை) மாதிரிக் கல் என்றால் இன்னும் மோசம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிடும். தேய்க்கிற வேலை எல்லாம் தண்ணீருக்குள்தான். பையனுக்கு இந்த ஆசையை ஊட்டியதற்காக உங்களைக் கட்டிக்கொள்ளலாம். பால்கனிக்காக முதுகில் இரண்டு வைக்கலாம்.

கல்லைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புக்கிட் தாபூரில் கை வைக்காதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட மலை. அந்த நரம்புக் குவார்ட்ஸும் உள்விரிசல் நிறைந்தது, தட்டினால் பொடியாகும். பத்துமலைச் சுண்ணாம்புக்கல் மெத்து. எங்கள் பினாங்குக் கருங்கல் பெரிய மணிகளாக இருக்கும், அலகுக்கு ஆகாது. அப்சிடியன் என்பதே எரிமலைக் கண்ணாடி. பாட்டில் கண்ணாடியைவிட உங்கள் பையனுக்கு அது புதிதாக ஒன்றும் கற்றுத்தராது. காசை வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தைப் பற்றிப் பயப்படுகிறவர் அதை வீட்டிலேயே வைத்திருக்கட்டும், பள்ளிப் பையில் போட்டு அனுப்ப வேண்டாம்.

என்னைத் தொட்டது வேறு. அலகு, அலகு என்று எழுதியிருக்கிறீர்கள். காம்பு என்ற சொல் கடிதத்தில் ஒரு தடவைகூட இல்லை. பெயர்ந்து வந்தது அலகு, ஆனால் பழுது காம்பில். இது உங்கள் ஒருவர் பிழை இல்லை. அருங்காட்சியகங்களே அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2012ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே கோத்தா தம்பானில் கூழாங்கல்லை உடைத்துக் கருவி செய்த பட்டறையே கிடைத்திருக்கிறது: சம்மட்டிக் கல், பட்டடைக் கல், சில்லுகள். மரமோ பிரம்போ இல்லை. இந்த மழையிலும் கரையானிலும் எப்படி இருக்கும்? கல் மட்டும் மிஞ்சியதால் கற்காலம் என்று பெயர் வைத்துவிட்டோம். காம்பு மிஞ்ச வேண்டுமென்றால் பனியோ சதுப்போ பாலைவனமோ வேண்டும். 1991ல் ஆல்ப்ஸ் பனியில் உடலோடு கிடைத்த ஏட்சி என்ற பழங்கால மனிதனிடம், சுமார் 5,300 ஆண்டுக்கு முற்பட்ட குறுங்கத்தி முழுசாக இருந்தது. சிறிய தீக்கல் அலகு, ஆஷ் மரக் காம்பு, விலங்கின் தசைநாரால் கட்டு.

அந்தத் தசைநாரைத்தான் உங்கள் காணொளிக்காரரும் காட்டியிருக்கிறார். காய்ந்த ஊரில் அது அருமையான கட்டு. ஈரமாகச் சுற்றினால் காயக் காய இறுகும், தன் பசையிலேயே ஒட்டும். செந்தூல் காற்றில் அதே பசை ஈரத்தைக் குடித்து இளகும். மூன்று நாள் நின்றதே பெரிது. இந்த நாட்டில் கத்திக்குப் பிடி போட்டவர்கள் தண்ணீருக்கு அசையாத மரப்பாலையும் அரக்கையும் குங்கிலியத்தையும் நம்பினார்கள். மலாய்க்காரர்கள் பாராங் என்ற வெட்டுக்கத்தியின் பிடிக்குத் தாபான் மரத்துப் பாலை எடுத்தார்கள். வெந்நீரில் போட்டால் களிமண்ணாக இளகும், ஆறினால் இறுகும். அதைப் பார்த்த மருத்துவர் மாண்ட்கோமரி சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு மாதிரி அனுப்பினார், 1843ல் அங்கே காட்டினார்கள். சில ஆண்டுகளில் அந்தப் பாலான கட்டாபெர்ச்சாதான் கடலடித் தந்திக் கம்பிக்கு உறையானது. மரத்தை வெட்டிச் சாய்த்தே பால் எடுத்ததால் காடு காலியானது வேறு கதை. பாராங் பிடியில் கற்ற பாடம் கடலுக்கு அடியில் போயிருக்கிறது, நாம் காம்பை மறந்துவிட்டு அப்சிடியன் தேடுகிறோம்!

சரி, காம்பு. முற்றிய மூங்கிலோ கொய்யாக் கிளையோ எடுங்கள். இளமூங்கில் சுருங்கும், பூச்சியும் சீக்கிரம் விழும். கொய்யா என்றால் கட்டைவிரல் தடிமன், நிழலில் குறைந்தது ஒரு மாதம் காயட்டும்; பச்சையில் வெட்டிய பிளவு காயும்போது வாய் திறக்கும். மூங்கிலில் கணுவுக்கு மேலேயே பிளவு நிற்க வேண்டும். கணுவைத் தாண்டினால் அமுக்கும்போதெல்லாம் கீழே ஓடிக்கொண்டே போகும். உங்கள் படத்தில் கணுவே இல்லை.

அலகில் மூன்றில் ஒரு பங்கு காம்புக்குள் இருக்கட்டும். ஆறு சென்டிமீட்டர் அலகுக்கு இரண்டு சென்டிமீட்டர் குழி. பசை இல்லாமலே செருகிப் பாருங்கள். ஆடினால் மரத்தைச் செதுக்குங்கள். பசை நிரப்பிக்கொள்ளும் என்று விட்டால் அதுதான் உடையும். எல்லோரும் விடுகிற இடம் ஒன்று உண்டு: உள்ளே போகும் பகுதியின் ஓரங்களை மழுக்க வேண்டும். சாணைக்கல்லில், தண்ணீருக்குள், நகத்தைச் சுரண்டாத அளவுக்குத் தேயுங்கள். இல்லையென்றால் அலகு முதலில் வெட்டுவது தன்னைக் கட்டிய கயிற்றை. பழைய கல் அலகுகள் சிலவற்றிலும் அடிப்பகுதி இப்படித் தேய்த்தே இருப்பதைக் காணலாம்.

பசைக்குக் குங்கிலியம் 100 கிராம், தேன்மெழுகு 25, சலித்த கரித்தூள் 25. நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் என்றே கேளுங்கள். கம்ப்யூட்டர் சாம்பிராணி உதவாது, அது கருகும், உருகாது. சுவாமிமலையில் சிலைக்கு மெழுகு பிடிப்பவர்களும் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்ப்பார்கள், ஆனால் கடலை எண்ணெயும் ஊற்றுவார்கள். அவர்களுக்கு விரலுக்கு வளைய வேண்டும், உங்களுக்கு வேண்டாம், எண்ணெயை விடுங்கள். வெந்நீருக்குள் பாத்திரம் வைக்கும் முறை மெழுகுக்குத்தான் போதும். பழைய வாணலியில் மணல் போட்டு, அதில் டப்பாவைப் புதைத்து, சிறுதீயில் மெழுகை உருக்குங்கள். பொடித்த குங்கிலியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறி, கடைசியில் கரித்தூள். நுரைத்துப் புகைய விட்டால் நெகிழ்வு போய்விடும், ஆறியதும் ஓடுபோல் நொறுங்கும். நீங்கள் காய்ச்சியதாக எழுதியிருக்கிறீர்கள், மெழுகு சேர்த்ததாக எழுதவில்லை. இரண்டும் சேர்ந்தால் பெயராமல் என்ன செய்யும்? தீப்பிடித்தால் மூடியால் அணையுங்கள், தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு வளைத்துப் பாருங்கள். கண்ணாடிபோல் முறிந்தால் ஐந்து கிராம் மெழுகு சேருங்கள். நகம் பதிந்தால் குங்கிலியம். கொஞ்சம் வளைந்து பிறகு முறிவதுதான் பதம்.

ஒட்டும்போது அலகும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் பசை தொட்டதும் உறையும், பிடிக்காது. தணலுக்கு அருகே மெல்லச் சூடாக்குங்கள். அவசரப்பட்டால் கண்ணாடி விண்டுவிடும். பிறகு மூன்று மில்லிமீட்டர் அகலப் பிரம்புப் பட்டையை, உள்சோற்றைச் சுரண்டிவிட்டு, ஒரு மணி நேரம் ஊறவைத்து நெருக்கமாகச் சுற்றி, நுனியைச் சுற்றுக்குள் இழுத்துப் பூட்டுங்கள். இரண்டு நாள் நிழலில் காய்ந்ததும் மேலே மிச்சப் பசையைப் பூசி, நனைத்த கரண்டி முதுகால் வழியுங்கள். விரலால் வேண்டாம், தோல் உரியும்.

இந்தக் கத்தி இழுத்து அறுக்க மட்டும். நெம்பினால், திருகினால் அலகு போகும். சாப்பாட்டுப் பொருளைத் தொடவே கூடாது, சில்லு உதிரும். அலகு மழுங்கினால் காம்பைத் தணலருகே காட்டி, இளகியதும் கழற்றி, புதியதைச் செருகலாம். அதனால்தான் வெயிலில் நிறுத்திய காருக்குள் இதை வைத்துவிட்டுப் போகாதீர்கள், திரும்பி வரும்போது அலகு தானாகவே கழன்று கிடக்கும்.