'வைல்ட்' படித்துவிட்டுத் தனியாக நடக்க நினைப்பவருக்கு

அம்மா போன துக்கத்தில் அமெரிக்க எழுத்தாளர் செரில் ஸ்ட்ரெய்ட், தாயை இழந்தபின் தனியாக நெடுநடை போனதைச் சொல்லும் 'வைல்ட்' நூலைப் படித்ததும் உங்கள் கதையாகவே இருந்தது, மலைநடை பழக்கமில்லை, அவர் நடந்த, மேற்கு அமெரிக்க மலைகளில் நீளும் பசிபிக் க்ரெஸ்ட் பாதையில் தனியாக நடக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நடக்கலாம். ஆனால் அவருடைய அளவுக்கு மீறிக் கனத்த மூட்டையை மட்டும் நகலெடுக்காதீர்கள்.

அவர் தாய் இறந்தது 1991-ல், நடந்தது 1995-ல், புத்தகம் வந்தது 2012-ல். துக்கம் ஆற நாளாகும், மூன்று நாள் நடையில் மனம் தெளியவில்லையே என்று தவிக்க வேண்டாம்.

முக்கியம் ஷூதான். அவருக்குப் பூட்ஸ் சிறியது, கால்விரல் நகங்கள் கழன்றன. இறக்கத்தில் பாதம் முன்னே சரிந்து பெருவிரல் முனையில் இடித்துக்கொண்டே இருக்கும். நகத்தடியில் ரத்தம் கட்டிக் கறுக்கும், பிறகு கழலும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில் போய், நடக்கப்போகும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இறங்குமுன் கணுக்கால் பக்கம் லேஸை இறுக்குங்கள்.

சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். 60 கிலோ என்றால் 12, தண்ணீரையும் சேர்த்து. லிட்டருக்கு ஒரு கிலோ.

அடுப்பை வீட்டிலேயே பற்றவைத்துப் பாருங்கள். அவர் தவறான எரிபொருளை ஊற்றி அடுப்பு அடைத்துக்கொண்டது, பல நாள் ஆறிய சாப்பாடுதான்.