கடத்தப்பட்ட பையன் கூண்டில் நிற்க வேண்டுமா?

கேள்வி: சிறுவர்களைக் கடத்திப்போய், கையில் துப்பாக்கியைத் திணித்து, ஊரைக் கொளுத்த வைக்கிறார்கள். போர் முடிந்து விசாரணை வந்தால் அந்தப் பையன்களையும் போர்க்குற்றவாளிகள் என்று கூண்டில் ஏற்றுவார்களா? இல்லை என்றால், செத்தவர்களின் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? (வாசகி ஒருவர்)

பதில்: ஹேக் நகரத்தில் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஏற்றாது. குற்றம் நடந்தபோது 18 வயது நிரம்பாதவரை விசாரிக்க அதற்கு அதிகாரமே கிடையாது என்கிறது, அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனத்தின் 26-ஆவது பிரிவு. பையன் நிரபராதி என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை, 'எங்களிடம் கொண்டு வராதீர்கள்' என்கிறது, அவ்வளவுதான். அந்தந்த நாட்டு நீதிமன்றம் தன் சட்டப்படி விசாரிக்கலாம். ஆனால் 18 வயதுக்குள் செய்த குற்றத்துக்கு மரண தண்டனையோ, வெளியே வர வழியே இல்லாத ஆயுள் தண்டனையோ கொடுக்கக் கூடாது என்று குழந்தை உரிமைகள் உடன்படிக்கை தடுக்கிறது.

சிறார் வழக்குகளில் பல வருடங்கள் ஆஜரானவள் நான். 'ஏன் செய்தாய்?' என்று கேட்டால் அந்த வயதுப் பையன் சொல்லும் முதல் பதில், 'அண்ணன் செய்யச் சொன்னார்' என்பதுதான். அதனால் 18 என்ற கோடு எனக்குச் சரியாகவே படுகிறது. எனக்கு வலிப்பது வேறு இடத்தில். அதே சாசனத்தின்படி, 15 வயதுக்குக் கீழே உள்ளவரைப் படையில் சேர்ப்பதுதான் போர்க்குற்றம். பதினாறு வயதுப் பையனைச் சேர்த்தவனை அந்தக் குற்றத்துக்காக ஹேக்கில் நிறுத்த முடியாது. ஆயுதக் குழுக்கள் 18-க்குக் கீழே யாரையும் சேர்க்கக் கூடாது என்று 2000-இல் குழந்தை உரிமைகள் உடன்படிக்கைக்குத் துணையாக ஒரு நெறிமுறை வந்தது. அந்த வயதை ரோம் சாசனத்திலும் ஏற்றியாக வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் நாட்டு உள்நாட்டுப் போர்க்குற்றங்களை விசாரித்த சிறப்பு நீதிமன்றத்துக்கு 15 வயதிலிருந்தே விசாரிக்க அதிகாரம் இருந்தது. ஆனாலும் சிறுவர்கள் மேல் வழக்குப் போடமாட்டேன் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் டேவிட் கிரேன் 2002-இலேயே அறிவித்துவிட்டார். அதே வருடம் ஆப்கானிஸ்தானில் நடந்த சண்டையில் அமெரிக்கப் படையிடம் பிடிபட்ட ஒமர் கத்ருக்கு வயது 15. அமெரிக்கா அவரைக் குவாண்டனாமோ இராணுவச் சிறையில் அடைத்து, இராணுவ ஆணையத்தின் முன் நிறுத்தியது. கனடா குடிமகனான அவரிடம் 2017-இல் கனடா அரசு மன்னிப்புக் கேட்டு, இழப்பீடும் கொடுத்தது.

சரி, கடத்தப்பட்ட பையன் காட்டிலேயே வளர்ந்து தளபதியாகிவிட்டால்? டொமினிக் ஓங்வென் வழக்கு அதுதான். வடக்கு உகாண்டாவில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஜோசப் கோனி தலைமையிலான 'கடவுளின் எதிர்ப்புப் படை' என்ற கிளர்ச்சிக் குழு அவரைத் தூக்கிப் போனது. 2015-இல் சரணடைந்தார். ஹேக் நீதிமன்றத்தில் எழுந்து, இந்தக் குற்றச்சாட்டுகள் ஜோசப் கோனிக்கு உரியவை, எனக்கு இல்லை, நானும் அந்தப் படையால் பாதிக்கப்பட்டவன்தான் என்றார். நீதிபதிகள் பார்த்தது 2002-க்கும் 2005-க்கும் இடையில் நடந்தவற்றை. அப்போது அவர் வளர்ந்த ஆள். கோனியின் உத்தரவை மீறியும் இருக்கிறார், தப்பிப் போகவும் வழி இருந்தது என்று முடிவு செய்தார்கள். போரால் இடம்பெயர்ந்த மக்கள் தங்கியிருந்த லுகோடி, ஒடெக் முகாம்கள் மீதான தாக்குதல்கள், பெண்களைக் கட்டாய மனைவிகளாக வைத்திருந்தது என 61 குற்றங்கள் 2021-இல் நிரூபணமாயின. 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் படையில் சேர்த்ததும் அதில் ஒன்று. தனக்கு நடந்ததையே மற்ற பிள்ளைகளுக்கும் செய்திருக்கிறார்.

பாதிக்கப்பட்டவர்களின் வழக்கறிஞர்கள் ஆயுள் தண்டனை கேட்டார்கள். கடத்தப்பட்ட அந்தப் பால்யத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் 25 வருடம் கொடுத்தது. குற்றமா இல்லையா என்ற கேள்வியில் பால்யம் அவரைக் காப்பாற்றவில்லை, தண்டனையில்தான் குறைத்தது. நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

அப்புறம், குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டீர்கள். முதலில் பிள்ளைகளைச் சேர்த்தவர்கள். காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபாங்காவை 2012-இல் இதே குற்றத்துக்காகத்தான் தண்டித்தார்கள், ஹேக் நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பே அது. ஓங்வென் வழக்கில் 2024-இல் 5 கோடி யூரோவுக்கு மேல் இழப்பீட்டு உத்தரவு வந்தது. ஆளுக்கு 750 யூரோ, அது போகக் கூட்டு மறுவாழ்வுத் திட்டங்கள். ஓங்வெனிடம் காசு இல்லை. அதனால் அந்த நீதிமன்றத்தோடு சேர்ந்த, பாதிக்கப்பட்டோருக்கான அறக்கட்டளை நிதிதான் திரட்டித் தர வேண்டும், அதுவோ நாடுகள் மனம் வைத்துக் கொடுக்கும் நன்கொடையை நம்பி இருக்கிறது. இழப்பீடு பெற வேண்டியவர்களில் முகாம்களில் உறவுகளை இழந்தவர்களும் உண்டு, ஓங்வெனின் படையில் துப்பாக்கி தூக்கிய சிறுவர்களும் உண்டு.