மூளையில் அடிபட்டால், அறிவு குறையாமல் முடிவெடுக்கும் திறன் மட்டும் கெடுமா?

கெடலாம். கண்குழிகளுக்கு மேலே, மூளையின் முன்மடலின் அடிப்பகுதி சேதமானால் ஐக்யூ பெரும்பாலும் அப்படியே இருக்கும். முடிவுகள் மட்டும் தடம் மாறும். பொறுப்பில்லாதவர் என்று வீட்டில் திட்டுவார்கள், பாவம்.

1994-இல் அமெரிக்காவின் அயோவாவில் பெச்சாரா, டமாசியோ ஆகிய மூளை ஆய்வாளர்கள் இதைச் சீட்டு விளையாட்டு வைத்துச் சோதித்தார்கள். நான்கு கட்டுகள். இரண்டில் சீட்டுக்கு 100 டாலர் கிடைக்கும், ஆனால் அபராதம் பெரிது. பத்துச் சீட்டில் 250 டாலர் நஷ்டம். மற்ற இரண்டில் 50 டாலர்தான், அபராதமும் சிறிது. பத்துச் சீட்டில் 250 டாலர் லாபம். ஆரோக்கியமானவர்கள் போகப்போகச் சுதாரித்துக்கொண்டார்கள். இந்தச் சேதம் உள்ள நோயாளிகளோ நஷ்டக் கட்டையே நாடினார்கள். அது மோசமான கட்டு என்று வாயால் சொன்ன சிலரும்கூட!

என்ன வித்தியாசம்? மோசமான கட்டை நோக்கிக் கை போகும் முன்பே ஆரோக்கியமானவர்களின் தோலில் லேசாக வியர்வை எழுந்தது. அந்த உடல் எச்சரிக்கை நோயாளிகளுக்கு வரவேயில்லை.