கேளுங்க, சொல்றேன்: பஞ்சிங்குக்கு படம் எங்க எடுக்கறது?

கேள்வி: வீட்டுலயே கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் போட்டு ப்ளவுஸ் ஒர்க் பண்றேன் மேடம், பஞ்சிங்கும் (படத்தை மெஷின் தைக்கிற ஃபைலா மாத்துறது) நானே கத்துக்கிட்டேன். நெட்ல பார்த்த ஒரு மயில் படத்தை எடுத்து கழுத்து, தோகையெல்லாம் கொஞ்சம் மாத்தி டிசைன் ஃபைலா ஒரு வெளிநாட்டு சைட்ல விக்கப் போட்டேன். படம் வரைஞ்சவங்க புகார் கொடுத்து அதை எடுக்க வச்சுட்டாங்க. 30 சதவீதம் மாத்தினா நம்மளோடதுன்னு சொல்றாங்களே, அப்படி இல்லையா? இனி படத்துக்கு எங்க போறது?
- வாசகி, ஈரோடு

பதில்: 30 சதவீதம்னு ஒரு கணக்கு சட்டத்துல எங்கயுமே கிடையாது சகோதரி, யாரோ கிளப்பிவிட்டது ஊரெல்லாம் சுத்துது. ஒருத்தர் படத்தை வரைஞ்சு முடிச்ச உடனே காப்பிரைட் அவருக்கு வந்துடும், பதிவு பண்ணணும்னுகூட இல்ல. நீங்க நூலா மாத்தினாலும் அது அவர் படம்தான். நாம ராத்திரி கண்ணு முழிச்சு பஞ்ச் பண்ண ஃபைலை யாராவது வாட்ஸ்அப் குரூப்ல சும்மா தூக்கிப்போட்டா வயிறு எரியுதுல்ல, அவங்களுக்கும் அதே எரிச்சல்தான்.

நம்ம நாட்டு சட்டப்படி வரைஞ்சவர் இறந்து 60 வருஷம் ஆச்சுன்னா அந்தப் படம் பொதுச்சொத்து, யார் வேணா எடுத்துக்கலாம். ஐரோப்பாவுல 70 வருஷம். அமெரிக்காவுல பழைய படைப்புகளுக்கு வெளியான வருஷத்துல இருந்து 95 வருஷம்னு வேற கணக்கு. நீங்க வெளிநாட்டுலயும் விக்கறதால 19-ம் நூற்றாண்டு படமா பார்த்து எடுத்துட்டா பெரும்பாலும் இந்தக் குழப்பம் வராது, வரைஞ்சவர் இறந்த வருஷத்தை மட்டும் பார்த்துக்கங்க. ஓவன் ஜோன்ஸ்னு ஒருத்தர் 1856-ல 'தி கிராமர் ஆஃப் ஆர்னமென்ட்'னு ஒரு புத்தகம் போட்டார், பல தேசத்து அலங்காரமும் அதுல இருக்கு, நம்ம இந்திய பூவேலையும் இருக்கு. அவர் இறந்தது 1874. நிறமெல்லாம் ஷேடிங் இல்லாம தட்டையா இருக்கும், பஞ்சிங்குக்குன்னே வரைஞ்ச மாதிரி. ரவி வர்மா படமும் (1906-ல இறந்துட்டார்) உரிமை முடிஞ்சதுதான், ஆனா ஆயில் பெயிண்டிங் ஷேடிங்கை நூல்ல கொண்டுவர்றதுக்குள்ள உயிர் போயிடும், ஆரம்பத்துல வேண்டாம்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017-ல 3.75 லட்சத்துக்கும் மேல படங்களை சிசி ஜீரோன்னு (எந்த உரிமையும் கேட்க மாட்டோம்னு சொல்ற அனுமதி) திறந்து விட்டுச்சு, வியாபாரத்துக்கும் எடுத்துக்கலாம், பேர்கூட போட வேண்டியதில்ல. தேடும்போது 'ஓப்பன் அக்சஸ்' டிக் பண்ணுங்க, அங்க இருக்கிற எல்லாமே அதுல சேராது. மத்த சைட்ல 'ஃப்ரீ டவுன்லோட்'னு பார்த்ததும் இறக்காதீங்க, பாதிக்கு மேல சொந்த உபயோகத்துக்கு மட்டும்னு கீழ பொடி எழுத்துல இருக்கும். காசு கொடுத்து வாங்கற கிளிப்ஆர்ட்லயும் தைச்ச துணியை விக்கலாம், ஃபைலை விக்கக்கூடாதுன்னு போட்டிருப்பாங்க. நீங்க ஃபைலை விக்கறவங்க, அதனால ஃபைல் விக்கலாமான்னு என்ன போட்டிருக்குன்னு தேடிப் படிங்க.

எனக்கு மனசுக்குப் புடிச்ச வழி இன்னொண்ணு இருக்கு. தாராசுரம் கோயில் தூண்ல ஓடுற கொடிக்கருக்கைப் பார்த்திருக்கீங்களா? 12-ம் நூற்றாண்டு வேலை, யாருக்கும் காப்பிரைட் இல்ல. ஆனா அடுத்தவங்க எடுத்த போட்டோவுக்கு உண்டு, அதனால போட்டோ எடுக்க விடுற இடத்துல நீங்களே போன்ல எடுங்க, வீட்டுக்கு வந்து மேல பேப்பர் வச்சு கோடு இழுங்க. 1 மில்லிமீட்டருக்கு கீழ வர்ற கோட்டை சாட்டின்ல (நூலை பக்கத்துல பக்கத்துல நெருக்கி நிரப்புற தையல்) போடாதீங்க, ஒத்தக் கோடா ஓடுற ரன்னிங் ஸ்டிச்சே போதும். பாட்டி பட்டுப்புடவையில இருக்கிற அன்னப்பட்சி, யாளி, மல்லிமொக்கு எல்லாம் தலைமுறை தலைமுறையா வர்றது, தாராளமா வரையுங்க. நீலகிரி தோடர் பழங்குடியோட எம்ப்ராய்டரிக்கு மட்டும் 2013-ல புவிசார் குறியீடு (அந்தப் பேரை அவங்க வேலைக்கு மட்டும்னு காக்கற பதிவு) கிடைச்சிருக்கு, மெஷின்ல போட்டுட்டு அந்தப் பேர்ல தயவுசெஞ்சு விக்காதீங்க, நீலகிரியில அந்தப் பெண்கள் கையால நூலை எண்ணி எண்ணி போடுற வேலை அது.

கேள்வி: குழந்தை ஃப்ராக்குக்கு கஸ்டமரே கார்ட்டூன் படம் கொண்டுவந்து கேட்டா போட்டுக் கொடுக்கலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாங்க. கையால நீங்களே வரைஞ்சாலும் அந்த கேரக்டர் கம்பெனியோடது, டிரேட்மார்க்கும் சேர்ந்து நிக்கும். கஸ்டமர் கேட்டார்னு சொல்லி தப்பிக்க முடியாது. யானை, கிளி, முயல்னு நீங்களே நாலு பொம்மை வரைஞ்சு ஆல்பமா வச்சு காட்டுங்க, குழந்தைங்க அதுலயே ஒண்ணைக் கை காட்டிடும்.

கேள்வி: ஒரு ஆர்ட்டிஸ்ட்டுக்கு காசு கொடுத்து 20 மோடிஃப் (சின்ன அலங்காரப் படம்) வரைஞ்சு வாங்கினேன், அது என்னோடதுதானே?
- வாசகி, மதுரை

பதில்: காசு கொடுத்துட்டா எல்லாம் நம்மளுதுன்னு இருந்துடாதீங்க, உரிமையை எழுத்துல வாங்கி ஆர்ட்டிஸ்ட்டை கையெழுத்து போடச் சொல்லுங்க. அதுலயும் எத்தனை வருஷம்னு எழுதலைன்னா சட்டம் அதை 5 வருஷம்னுதான் எடுத்துக்கும், எந்த ஊருக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்கு மட்டும்னு ஆயிடும். 'காப்பிரைட் காலம் முழுக்க, உலகம் முழுக்க, எம்ப்ராய்டரி ஃபைலா விக்கறதும் சேர்த்து'ன்னு ஒரு வரி போட்டு, 20 படத்தையும் பிரிண்ட் எடுத்து கூடவே பின் பண்ணி வச்சுக்கங்க.