கோதடியும் ஊசியும்

அன்புள்ள சார்,

அம்மா தவறி நாலு மாசம் ஆகுது. டோம்பிவிலி வீட்டை காலி பண்ணிட்டிருக்கோம். பரண்ல ஒன்பது கோதடி, மூணு பை நிறைய துண்டுத் துணி, பாதி தைச்சு ஊசியோட நிக்கிற ஒண்ணு. அண்ணன் பழைய துணிதானே யாருக்காவது குடுத்துடுங்கறான், எனக்கு மனசு வரல. அம்மா எட்டாவதுதான் படிச்சாங்க. வேற வீட்ல பொறந்திருந்தா பெரிய ஆர்ட்டிஸ்ட் ஆயிருப்பாங்களோ, எங்களுக்கு சோறு பொங்கிப் பொங்கியே வீணாப் போயிட்டாங்களோன்னு ராத்திரியெல்லாம் அதே யோசனை.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பதில் லேட்டானதுக்கு காரணம் அந்த ஊசிதான். அதுக்கு மேல படிக்க முடியாம மூடி வச்சுட்டேன்.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு: கோதடின்னா பழைய புடவைய அடுக்கடுக்கா வச்சு, ஓரத்துல இருந்து கடைசி வரைக்கும் கையாலயே ஓட்டுத்தையல் போட்டு தைக்கிற மெத்தை மாதிரி போர்வை. மராட்டி வீடுகள்ல சாதாரணம். எங்கம்மா திருநெல்வேலிக்காரங்க, தாராவிக்கு வந்தப்புறம் பக்கத்து வீட்டு மராட்டி ஆயி கிட்ட கத்துக்கிட்டாங்க, பதிலுக்கு சிக்குக் கோலம் சொல்லிக் குடுத்தாங்க, ரெண்டு பேருக்கும் மத்தவங்க பாஷை அரைகுறைதான், கையப் பாத்தே கத்துக்கிட்டாங்க.

வீணாப் போயிட்டாங்கன்னு நினைக்காதீங்க. அதுக்காக தியாகம்னும் சொல்லாதீங்க, எனக்கு அந்த வார்த்தையும் புடிக்கல. எங்க வீட்ல மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் அம்மாவ யாரும் கூப்பிடக் கூடாது. அப்பா நைட் ஷிப்ட் முடிச்சு தூங்கி எந்திரிச்சா சத்தம் போடாம தெருமுனைக்குப் போய் அரை கிளாஸ் கட்டிங் சாய் குடிச்சுட்டு வருவார். சோறு பொங்கினதும் அவங்கதான், அந்த ரெண்டு மணி நேரம் எங்களையெல்லாம் வெளிய துரத்தினதும் அவங்கதான். மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு கூட்டிட்டுப் போனா காய்கறி பேரம் பாதில நிக்கும், பூக்கடையில நிக்கிற மாமியோட புடவை பார்டரையே பாத்துட்டிருப்பாங்க, எனக்கு மானம் போகும்.

2005 ஜூலை 26, மும்பை சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மி.மீ. கொட்டுச்சே, அன்னிக்கு எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. கோதடியெல்லாம் ஊறி, ஒரு சுங்குடிப் புடவையோட சிவப்பு சாயம் இறங்கி, அக்கா கல்யாணத்துக்குன்னு தைச்சதுல நடுவுல பெரிய கறை. தூக்கிப் போடுவாங்கன்னு நினைச்சேன். காயவச்சு, பிரிச்சு, கறையச் சுத்தி மஞ்சள் நூல்ல திரும்ப தைச்சாங்க. மறைச்சுடலாமேன்னு கேட்டதுக்கு, "எலே, கறை தெரியட்டும், கோணலாத் தெரியக்கூடாது"ன்னாங்க. ஒரு வரிசை கோணிப்போச்சுன்னு ராத்திரி பத்து மணிக்கு அவ்வளவையும் பிரிச்சாங்க. யார் பாக்கப் போறா, அக்கா மாமியாரா? (அவங்க பாத்துட்டு "நல்லாருக்கு"ன்னாங்க, ஒரே வார்த்தை. அம்மா ஒரு வாரம் அதையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க.)

அதனால ஒன்பதையும் வெயில்ல விரிச்சுப் பாருங்க. எது உங்க ஸ்கூல் யூனிபார்ம், எது அப்பா சட்டை, எங்க பிரிச்சுத் தைச்சிருக்காங்கன்னு தெரியும். அண்ணனையும் பக்கத்துல உக்கார வைங்க, அவர் சட்டையும் அதுல இருக்கும், அப்புறம் குடுத்துடலாம்னு சொல்றாரான்னு பாக்கலாம்.

பாதில நிக்கறத முடிக்கணுமா வேண்டாமான்னு இப்ப முடிவு பண்ணாதீங்க. ஆனா ஊசிய எடுத்துடுங்க, மும்பை ஈரத்துல துருப் பிடிச்சா துணில ஏறிடும், அந்தக் கறை லேசுல போகாது. எடுத்த இடத்துல வேற கலர் நூல்ல ஒரு முடிச்சு போட்டு வைங்க, பின்னாடி யார் தைச்சாலும் அம்மா எங்க நிறுத்தினாங்கன்னு தெரியும்.

அப்புறம், தயவுசெஞ்சு வாஷிங் மெஷின்ல மட்டும் போடாதீங்க. எங்க வீட்ல ஒண்ணு அப்படித்தான் போச்சு. போட்டது நான்தான்.