பட்டறைப் பதில்கள்: ஒரே மாதிரி இருபது வண்டி

கேள்வி: அண்ணா, நான் ஈரோட்டில் இன்ஜினியரிங் படிக்கிறேன். கார் ரேஸ் கேம் ஆடும் நண்பர்கள் சேர்ந்து, "இந்த வண்டியைக் கேமில் சேருங்கள்" என்று தயாரிப்பாளர்களுக்கு எழுதப் போகிறோம். பழைய ரேஸ் வண்டியாக இருக்க வேண்டும், நாலு கதவு செடானாகவும் இருக்க வேண்டும். நீங்கள் எதைச் சொல்வீர்கள்?

பதில்: மெர்சிடிஸ் 190ஈ 2.3-16. யோசிக்கவே வேண்டாம், தம்பி. எழுதும்போது அந்த "2.3-16" என்பதை அழுத்தி எழுதுங்கள். கிரான் டூரிஸ்மோ, ஃபோர்ஸா, அசெட்டோ கோர்ஸா என்று நாம் ஆடும் கேம்களில் வந்தது 1990-இல் வெளியான 2.5-16 எவல்யூஷன் 2. பின்னால் பெரிய இறக்கை, 235 குதிரைசக்தி, செய்ததே 502 வண்டிதான். 1992-இல் கிளவுஸ் லுட்விக் டிடிஎம் எனும் ஜெர்மன் டூரிங் கார் பந்தயத் தொடரின் பட்டத்தை வென்றது அந்த வண்டியில். நல்ல வண்டி, மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்பது அதற்கு மூத்த அண்ணன்.

சக்தி 185 குதிரைதான். 2.3 லிட்டர் இன்ஜின். பதினாறு வால்வு சிலிண்டர் ஹெட்டை இங்கிலாந்தின் காஸ்வொர்த் என்ற ரேஸ் இன்ஜின் நிறுவனம் வடிவமைத்தது. 1983 ஆகஸ்டில் இத்தாலியின் நார்டோ வட்டப் பாதையில் மூன்று வண்டிகளை இராப்பகலாக ஓட்டினார்கள். 50,000 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 247.9 கிலோமீட்டர். பெட்ரோல் போட, டயர் மாற்ற நின்ற நேரமும் அந்தக் கணக்கில் அடக்கம். இன்ஜின் பிரித்துச் சேர்ப்பவன் என்ற முறையில் அந்த எண்ணை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பிரமிப்புதான்.

ஆனால் நான் இந்த வண்டியைச் சொல்வதற்குக் காரணம் அதுவல்ல. 1984 மே 12. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் புதிய பந்தயப் பாதைக்குத் திறப்பு விழா. ஒரே மாதிரியான இருபது 190ஈ வண்டிகளை வரிசையில் நிறுத்தினார்கள். ஓட்டியவர்கள் யார் தெரியுமா? ஜாக் பிரபாம், ஃபில் ஹில், ஜான் சர்ட்டீஸ், டென்னி ஹல்ம், ஜேம்ஸ் ஹன்ட், ஜோடி ஷெக்டர், ஆலன் ஜோன்ஸ், கேகே ரோஸ்பர்க், நிக்கி லாடா. அன்றைய தேதிக்கு ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்றவர்களே இந்த ஒன்பது பேர். ஸ்டர்லிங் மாஸ் இருந்தார், அலென் ப்ராஸ்ட் இருந்தார். எமர்சன் ஃபிட்டிபால்டி அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் 500 பந்தய வேலையாக இருந்ததால், அந்த இடத்துக்கு ஒரு புதுப் பையனைக் கூப்பிட்டார்கள். ஃபார்முலா ஒன்னில் அவனுக்கு அதுதான் முதல் வருஷம், ஒரு பந்தயமும் ஜெயித்ததில்லை. பன்னிரண்டு சுற்று முடிந்தபோது முதலில் வந்தவன் அந்தப் பையன்தான்: அயர்டன் சென்னா. லாடா இரண்டாவது, கார்லோஸ் ராய்ட்டமன் மூன்றாவது.

அந்த வருஷக் கடைசியில் உலகப் பட்டம் வாங்கியவர் லாடா. அவரையே சென்னா முந்தினாரே, வண்டியாலா? பக்கத்து வண்டியிலும் அதே இன்ஜின், அதே கியர். கை ஒன்றுதான் வித்தியாசம். கேமில் எனக்கு வேண்டியது அதுதான். இப்போதெல்லாம் ஆன்லைனில் தோற்றால் "அவன் வண்டியில் பவர் அதிகம்" என்கிறோம், அப்புறம் காசு சேர்த்து டர்போ வாங்கி மாட்டுகிறோம். இருபது பேருக்கும் இந்த ஒரே வண்டியைக் கொடுத்து, எந்த பாகத்தையும் மாற்ற விடாமல், பன்னிரண்டு சுற்று விடட்டும்.

பாதையையும் சேர்த்துக் கேளுங்கள். பலரும் நூர்பர்க்ரிங் என்றதும் காட்டுக்குள் போகும் இருபது கிலோமீட்டர் பழைய பாதையை நினைக்கிறார்கள். இந்தப் பந்தயம் அங்கே நடக்கவில்லை. நாலரை கிலோமீட்டர் புதுப் பாதையில் நடந்தது. அதிலும் இப்போது கேம்களில் வருவது 2002-இல் முதல் வளைவை மாற்றி நீட்டிய பாதை. 1984-இல் இருந்தபடி வேண்டும் என்று எழுதுங்கள்.

இந்த வண்டியை நான் ஒரே ஒரு முறை தொட்டிருக்கிறேன். தொண்ணூறுகளில் ஷார்ஜாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தபோது, நீலம் கலந்த கருப்பில் ஒன்று பிரேக் வேலைக்கு வந்தது. டேஷ்போர்டின் நடுவே, கீழே, மூன்று சின்ன மீட்டர்: ஆயில் சூடு, ஸ்டாப்வாட்ச், வோல்ட். குடும்பத்தோடு போகிற வண்டியில் ஸ்டாப்வாட்ச்! பின் சீட்டும் இரண்டு பேருக்கு மட்டும் குழித்து வைத்தது. சாவியைக் கொடுத்த ஃபோர்மேன், கியர் குமிழில் இருந்த படத்தை விரலால் தட்டிக் காட்டினார். முதல் கியர் இடப்பக்கம் கீழே. நாம் பழகிய முதல் கியர் இடத்தில் இருப்பது ரிவர்ஸ். இரண்டும் மூன்றும் நேர்கோட்டில் வரும், ரேஸில் அதிகம் மாற்றுவது அந்த இரண்டைத்தானே. வேலை முடிந்து ஓட்டிப் பார்த்தபோது 4,500 ஆர்பிஎம் வரை சாதுவாகத்தான் போனது. அதைத் தாண்டியதும் சத்தமே மாறியது, வண்டி பிடித்து இழுத்தது. அந்த இடத்தைக் கேமில் சரியாகக் கொண்டுவந்துவிட்டால் போதும், மற்றதைப் பொறுத்துக்கொள்வேன்.

கேள்வி: பிஎம்டபிள்யூ எம்3 சொல்வீர்கள் என்று நினைத்தேனே? (மதுரை வாசகர்)

பதில்: முதல் எம்3 வண்டியில் 1987 உலக டூரிங் கார் பட்டத்தை ராபர்ட்டோ ரவாலியா வென்றார், பெரிய வண்டிதான். ஆனால் அதற்குக் கதவு இரண்டு. தம்பி கேட்டது நாலு.

கேள்வி: இந்த மாதிரி வண்டி ஓட்ட ஸ்டியரிங் செட் வாங்கித்தான் ஆக வேண்டுமா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: வேண்டாம்மா, கேம்பேடே போதும். பின் சக்கரத்தில் இழுக்கும் வண்டி என்பதால், வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக அழுத்தாமல் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பிரேக்கை வளைவுக்கு முன்பே, ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கேமில் உதவிக்கு இருக்கும் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுப்பது), டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) இரண்டையும் அணைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். முதல் இரண்டு நாள் வண்டி சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பரவாயில்லை, ஓட்டுங்கள்.