மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்

கேள்வி: கோவையில் நாங்கள் 12 பேர் வாரக் கடைசிகளில் மேசைப் போர் விளையாட்டு ஆடுகிறோம். மினியேச்சர் படைகள், அறுகோணக் கட்ட வரைபடத்தில் அட்டை வில்லைகளை நகர்த்தும் ஆட்டங்கள் இரண்டும் உண்டு. கேரள, கர்நாடக நண்பர்களையும் அழைத்து, சுமார் 60 பேருக்கு இரண்டு நாள் கூடுகை நடத்த ஆசை. ஆடி மாதத்தில் ஒரு கல்யாண மண்டபம் மலிவாகக் கிடைக்கிறது. முன்பணம் கொடுத்துவிடலாமா?

பதில்: பொறுங்கள். மண்டபம் எப்படியும் கிடைத்துவிடும். எளிதில் கிடைக்காதவர்கள் ஆட்டம் நடத்துபவர்கள். படைகளையும் மலை, மரம், வீட்டு மாதிரிகளையும் சுமந்து வந்து, விதிகளைச் சொல்லிக்கொடுத்து, முன்பின் அறியாத நான்கு பேரை நான்கு மணி நேரம் ஆட வைப்பவர்கள் அவர்கள். எத்தனை பேர் என்று எண்ணிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

கணக்கைப் பாருங்கள். 60 பேரில் நான்கு பேர் வாசலையும் நிர்வாகத்தையும் பார்த்துக்கொண்டால் மீதி 56. ஒரு மேசைக்கு நான்கு ஆட்டக்காரர், ஒரு நடத்துபவர் என்றால் 12 மேசைகள் வேண்டும். காலை ஓர் ஆட்டம், மாலை ஓர் ஆட்டம் என இரண்டு நாளில் 48 ஆட்டங்கள். ஒருவரை நாளுக்கு ஓர் ஆட்டத்துக்கு மேல் நடத்தச் சொல்வது அநியாயம். அவரும் ஆடத்தானே வருகிறார்? அப்படியானால் 24 பேர் வேண்டும். உங்கள் குழு முழுவதும் முன்வந்தாலும் பாதிதான்.

இந்த எண்ணிக்கையைக் குறைக்க வழி, பக்கத்திலேயே ஒரு போட்டி வைப்பது. யாரையும் வெளியேற்றாமல், ஒவ்வொரு சுற்றிலும் சம வெற்றி பெற்றவர்களையே மோதவிடும் ஸ்விஸ் முறையில் 16 பேர் மோதினால் ஆட்டங்கள் சமனில் முடியாதவரை நான்கு சுற்றுகளில் தோல்வியே காணாத ஒரே ஒருவர் மிஞ்சுவார். உங்கள் நான்கு நேரப் பகுதிகளுக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. நடுவராக நிர்வாகக் குழுவில் ஒருவர் போதும். மீதி 40 பேருக்கு எட்டு மேசைகள், 16 நடத்துபவர்கள். கேரள, கர்நாடக நண்பர்களிடம் ‘வருகிறீர்களா’ என்று கேட்காமல் ‘எந்த ஆட்டத்தை நடத்துகிறீர்கள்’ என்று கேளுங்கள். 16 பெயர்கள் சேராவிட்டால் அழைக்கும் ஆட்களைக் குறைத்துக் கூடுகையைச் சுருக்குங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. 1968-இல் கேரி கைகாக்ஸ் அமெரிக்காவின் லேக் ஜெனீவா ஊரில் 50 டாலர் வாடகைக்கு ஒரு கூடம் எடுத்துத்தான், இன்று உலகப் புகழ்பெற்ற விளையாட்டுக் கூடுகையான ஜென் கானைத் தொடங்கினார். வந்தவர்கள் நூறு பேர் அளவில்தான்.

இனி மண்டபம். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் பிடித்தது சரியான யோசனை. ஆனால் ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்குள் வீசும் காற்றில் உங்கள் அட்டைக் காலாட்படை எம்மாத்திரம்? ஜன்னலைச் சாத்தினால் மின்விசிறி வேண்டும், அதுவும் காற்றுதான். என் ஓட்டு மார்கழிக்கு. அப்போதும் மண்டபங்கள் காலியாக இருக்கும், வெயிலும் உறைக்காது. சபரிமலைக் கூட்டம் இருக்கும் என்பதால் கேரளத்தவர்கள் ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். எந்த மாதமானாலும் வரைபடத்தின் மேல் ஒரு அக்ரிலிக் தகடு வையுங்கள்.

மண்டபத்துப் பந்தி மேசை படைகளுக்குப் போதாத அகலம். எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் பலகையை ஆறடியில் அறுத்து, இரண்டு பந்தி மேசைகளைச் சேர்த்து அதன் மேல் போடுங்கள். மிஞ்சும் இரண்டடித் துண்டு பகடைக்கும் விதிப் புத்தகத்துக்கும் ஆகும். மேசைகளுக்கு இடையே நான்கடி வழி விட்டால் ஒரு மேசைக்கு 80 சதுர அடி. போட்டிக்கும் சேர்த்து 16 மேசைகளுக்கு 1,280. நுழைவாயில், பைகள், விற்பனை மேசை எல்லாம் சேர 2,000 சதுர அடியாவது பாருங்கள். சாப்பாட்டை அதே வளாகத்தில், வேறு அறையில் போடுங்கள். வெளியே அனுப்பினால் மாலை ஆட்டம் தாமதமாகும். மேசையிலேயே பரிமாறினால் வண்ணம் பூசிய பொம்மைகளில் எண்ணெய் ஏறும்.

வேடிக்கை பார்க்க வருபவர்களுக்காக வாசலருகே ஓர் எளிய ஆட்டம் வையுங்கள். 1760 வந்தவாசி, 1780 புள்ளலூர் என நம் மண்ணிலேயே நல்ல போர்க்களங்கள் இருக்கின்றன. மைசூர்ப் படையின் ராக்கெட் பறக்கும் புள்ளலூருக்குச் சிறுவர்கள் கூடுவார்கள். ஈழப் போரை மட்டும் மேசைக்குக் கொண்டுவராதீர்கள். அதில் உறவுகளை இழந்தவர்கள் அதே அறையில் நிற்கக்கூடும்.

கட்டணத்தை 60 பேரை நம்பி நிர்ணயிக்காமல் 40 பேரை வைத்து நிர்ணயியுங்கள். மொத்தச் செலவு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு 500 அல்ல, 750. ஆட்டம் நடத்துபவர்களிடம் கட்டணம் வாங்குவதாக இருந்தால் பாதிதான் வாங்க வேண்டும்; அந்தக் குறைவையும் முன்பே கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஆட்டப் பட்டியலை ஒரு மாதம் முன்பே வெளியிட்டு, ஒவ்வொரு மேசையிலும் ஓர் இடத்தை நேரில் வருபவர்களுக்கென்று விட்டுவையுங்கள்.